பதினொரு அங்குலம்

"எமது நிலையத்தின் டிஷ் அன்ரனாவின் குழியை ஐந்து அங்குலத்தால் ஆழமாக்குவது" என்ற தீர்மானத்தைக் கிளாக்கர் நடராசா எழுந்து நின்று வாசித்தார். முன்மொழிந்தவர் நிலையத்தின் தலைவரான ஓவசியர். வழிமொழிந்தவர் ஓவசியரின் மைத்துனர். ஆதரவாக ஒன்பது கைகள் உயர்ந்தன.

செயற்குழுவின் பத்தாவது அங்கத்தவர் நான். என் இரண்டு கைகளும் மடியில் கைப்பைக்கு மேலே இருந்தன. நான் கை தூக்காததை ஒருவரும் கவனிக்கவில்லை. தேநீர் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் என் பக்கம் பார்த்தார்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்று கிளாக்கர் தம்முடைய அழகான எழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

ஒரு வளைவின் ஆழத்தை வாக்கெடுப்பு வைத்துத் தீர்மானித்த ஊர் உலகத்தில் வேறு எங்கேனும் இருந்தால் வாசகர்கள் எனக்கு எழுதி அறிவிக்கலாம்.

தீர்மானங்களின் ஊர்

எங்கள் ஊர் உடுப்பிட்டியில் இருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். பெயரைச் சொல்ல மாட்டேன். செயற்குழுவில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், இந்த வாரப் பத்திரிகையை அவர்களும் வாங்குகிறார்கள்.

ஊரில் எல்லாரும் படித்தவர்கள். அதுதான் வில்லங்கம். தெருவேலை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர், நீதிமன்றக் கிளாக்கர், தபாலதிபர், புகையிரதப் பகுதியில் இருந்து பென்சன் எடுத்தவர் என்று எந்தப் படலையைத் திறந்தாலும் உள்ளே ஒரு உத்தியோகத்தர் இருப்பார். அரசாங்கம் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆனால் கூட்டம் கூடுகிற ஆசைக்கு யார் ஓய்வு கொடுப்பது? சனசமூக நிலையத்தில் மாதம் இரண்டு கூட்டம் நடக்கும். கிணற்றடி வாய்க்காலுக்குத் தீர்மானம், கட்டாக்காலி மாடுகளுக்குத் தீர்மானம். ஒருமுறை ஐக்கிய நாடுகள் சபைக்குத் தந்தி அடிக்கத் தீர்மானம் போட்டுவிட்டு, தந்திக் கந்தோர் பூட்டியிருந்தபடியால் அதற்காக ஒரு கண்டனத் தீர்மானமும் போட்டார்கள்.

நான் வேதக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். என்னை "மாதர் பிரதிநிதி" என்று செயற்குழுவில் போட்டிருந்தார்கள். மாதர் பிரதிநிதியின் கடமை, ஒன்பது ஆண்களும் கதைத்து முடிகிற நேரத்தைச் சரியாக ஊகித்துத் தேநீருக்குச் சொல்லுவது. அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பேணியும் பெட்டியும்

ஆமி முகாம்களுக்குள் முடங்கிக் கிடந்த வருடங்களில் ஒன்றில்தான் டிஷ் வந்தது.

அதற்கு முன்பே ஊரில் ரீவிகள் இருந்தன. வீட்டுக்கு வீடு குழாய்க்கு மேல் குழாய் பூட்டி, உச்சியில் அன்ரனாவை வடக்குப் பார்க்கக் கட்டி, சென்னைப் படத்தைப் பிடிப்பார்கள். காற்றடித்தால் படம் போகும், மழை பெய்தால் வரும், அல்லது மாறி நடக்கும். அது போதாதென்று, வானத்தில் நிற்கும் செயற்கைக் கோளில் இருந்து டெல்லி ரீவியை நேரே பிடிக்கலாம் என்று யாரோ சொல்ல, நிலையம் ஒரு தீர்மானம் போட்டது. பத்து அடி அகலத்தில் இரும்புச் சட்டம் அச்சுவேலியில் பற்றவைத்து ஒட்டப்பட்டது. அதற்குள் கோழிக்கூட்டு வலை விரித்துக் கட்டினார்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாயின் நுனியில், கதிர்களைப் பிடிக்கிற சின்னத் தகரக் குடுவை. அதற்கு ஊரில் வைத்த பெயர் பேணி. பேணியும், ரீவியோடு பூட்டுகிற பெட்டியும் இந்தியாவில் இருந்து வள்ளத்தில் வந்தன.

பூட்டியவர் அச்சுவேலியில் ரேடியோ திருத்துகிற மணியம். நல்ல வேலைகாரர். ஆனால் சான்றிதழ் இல்லாதவர், ஆகையால் எங்கள் ஊரில் அவருக்கு வாய் இல்லை. அவர் டிஷ்ஷை வானத்தைப் பார்த்து அண்ணாந்து படுக்க வைத்தார். கோள் கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு மேலேதான் நிற்கிறது, ஆகவே அப்படித்தான் இருக்க வேண்டும். மறுநாள் ஓவசியர் வந்து பார்த்தார். "இந்தியா வடக்கிலை இருக்கு, இது ஏன் மேலை பாக்குது?" என்று கேட்டு, நான்கு பேரைப் பிடித்து டிஷ்ஷை வடக்கே திருப்பிவிட்டார். ஊர் அன்ரனா எல்லாம் வடக்கைத்தானே பார்க்கின்றன! மூன்று நாள் ஒரு மண்ணும் தெரியவில்லை. நான்காம் நாள் மணியம் வந்து சத்தம் போடாமல் பழையபடி படுக்க வைத்தார். வடக்கே பார்க்க வைத்ததால் டிஷ் "சூடேறி", அதனால்தான் இப்போது வேலை செய்கிறது என்று ஓவசியர் விளக்கம் சொன்னார்.

ஆமியின் ஹெலி வந்தால் டிஷ்ஷைத் தென்னோலைக் கிடுகால் மூடி மறைக்க ஒரு உபகுழுவும் இருந்தது. உபகுழு ஆட்கள் வந்து சேருவதற்குள் ஹெலி பலாலி முகாமுக்குத் திரும்பிப் போயிருக்கும்.

எப்படியோ படம் வந்தது. புள்ளி விழும், ஆனாலும் ஆட்களின் மூக்கு முழி தெரியும். விட்டிருந்தால் அப்படியே இருந்திருக்கும்.

பாவாடை

விடுவார்களா? பத்து அடிக்கு இவ்வளவு தெரிந்தால் பதினாலு அடிக்கு எவ்வளவு தெரியும் என்று தபாலதிபர் ஒரு கூட்டத்தில் கேட்டார். விளிம்பைச் சுற்றிப் பனஞ்சிலாகைகளை நீட்டிக் கட்டி, அவற்றின் மேல் இன்னும் வலை விரிப்பதென்று முடிவாயிற்று.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து கதைத்தேன். டிஷ்ஷின் வளைவுக்குப் பரவளைவு என்று பெயர். மேலிருந்து வரும் கதிர்கள் அதில் எங்கே பட்டாலும் தெறித்து ஒரே புள்ளியில் வந்து சேரும். அந்தப் புள்ளி குவியம். பேணி குவியத்தில் இருக்க வேண்டும். நேரான சிலாகையில் கட்டிய வலையில் பட்ட கதிர் பேணிக்கு வராது, எங்கேயோ போகும். பெரிதாக்குவதென்றால் அதே வளைவைத் தொடர வேண்டும். இதைத்தான் சொன்னேன். கரும்பலகையில் படமும் கீறிக் காட்டினேன்.

ஓவசியர் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்லர். தெரியாது என்ற சொல்லை மட்டும் அவருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

"பிள்ளை, நீர் படிப்பிக்கிறது கணக்கு. இது கம்பி வேலை," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். "ரீச்சரின் கருத்து நன்றியுடன் குறித்துக்கொள்ளப்பட்டது" என்று கிளாக்கர் எழுதினார். நான் இருந்துவிட்டேன். அன்று இரவு முழுக்க அந்த "நன்றியுடன்" என்ற சொல் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இனி இந்தச் சபையில் ஒரு எழுத்துக்கூடச் சொல்லுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பாவாடை கட்டின டிஷ் என்று பெண்டுகள் பகிடி பண்ணினார்கள். படம் ஒரு இம்மியும் கூடவில்லை. "இப்ப கொஞ்சம் தெளிவு" என்று ஓவசியர் சொன்னார், மற்ற எட்டுப் பேருக்கும் உடனே தெளிவாகத் தெரிந்தது. சோளகக் காற்று தொடங்கிய இரண்டாம் கிழமை அந்தப் பாவாடை கிழிந்து பறந்து, பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் விழுந்து பதினைந்து கன்றுகளை முறித்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை மறைக்க நான் மினக்கெடவில்லை.

இடப்பக்கம் இருக்கிறவன்

இந்த நேரத்தில்தான் பாக்கியமக்காவுக்குக் கடிதம் வந்தது.

பாக்கியமக்காவின் புருஷன் தவில்காரர். செயற்குழு ஒன்பது பேரில் ஏழு பேருடைய கலியாணத்துக்கு அவர்தான் வாசித்தவர். விடிய விடிய வாசிப்பித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் பின் விறாந்தையைக் காட்டிய ஆட்கள் இவர்கள். அவர் செத்த பிறகு பாக்கியமக்கா தையல் மெசினை மிதித்து மகனை வளர்த்தார். மகன் தேவனும் தவில்காரன். பதினெட்டு வயதில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கே ஒரு நாதசுரக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டான். அவன் போய் மூன்று வருடம்.

கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். அவருக்கு வாசிக்கத் தெரியும். இன்னொரு வாயால் கேட்க வேண்டும் போல இருந்திருக்கும். கோஷ்டி டெல்லிக்குப் போய் ரீவிக்கு வாசித்திருக்கிறதாம். இன்ன சனிக்கிழமை பின்னேரம், அரை மணித்தியாலம் காட்டுவார்களாம். "அம்மா, நான் இடப்பக்கம் இருக்கிறன். மீசை வைச்சிருக்கிறன், பாத்துப் பயப்பிடாதையுங்கோ" என்று எழுதியிருந்தான்.

"மெலிஞ்சு போனானோ எண்டு பாக்க வேணும் ரீச்சர். வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார் பாக்கியமக்கா.

செய்தி செயற்குழுவுக்குப் போயிற்று. எங்கள் ஊர்ப் பெடியன் டெல்லி ரீவியில்! பின் விறாந்தையெல்லாம் மறந்துபோய்த் தேவன் திடீரென்று "எங்கடை தேவன்" ஆகிவிட்டான். ஓய்வுபெற்ற வித்தியாதிகாரி ஒருவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டு விழா எடுப்பதென்றார்கள். விருந்தினர் புள்ளி விழுகிற படத்தைப் பார்ப்பதோ? அதற்குத்தான் குழியை ஆழமாக்கும் தீர்மானம். ஓலைக் கடகம் ஆழமாக இருந்தால் கூடக் கொள்ளும் அல்லவா, டிஷ்ஷும் அப்படித்தான் என்பது ஓவசியரின் விஞ்ஞானம்.

பாக்கியமக்கா அங்கத்தவர் இல்லை. கூட்டம் நடக்கும்போது வாசற்படியில் நின்றார். முடிந்து வெளியே வந்த ஓவசியரிடம், "உள்ளது காணும் ஐயா. அவன்ரை முகம் மட்டுக்குத் தெரியுது தானே. ஒண்டும் செய்யாதையுங்கோ," என்று கேட்டார்.

"பொறு பாக்கியம். கண்ணாடியிலை பாக்கிற மாதிரிக் காட்டுறன்."

பாக்கியமக்கா என்னைப் பார்த்தார். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளடிக்குப் போனேன்.

கணக்கு

வியாழக்கிழமை காலை விளிம்பைச் சுற்றி முறுக்குக் கம்பி போட்டு இறுக்கினார்கள். வாய் ஒடுங்கியது, குழி ஆழமாயிற்று. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மணியம் நிலையத்துக்கு வெளியே நின்று திருகுசாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருபது அங்குலம் இருந்த குழி இப்ப இருபத்தைஞ்சு ரீச்சர். வாய் மூண்டு அங்குலம் ஒடுங்கிப் போச்சு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பேணி அந்த இடத்திலையே இருக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஓவசியரைக் கேளுங்கோ," என்றேன்.

வீட்டுக்குப் போய் உடுப்பும் மாற்றவில்லை. ஒரு சோதனைத் தாளின் பின்புறத்தில் கணக்கைச் செய்தேன். ஆழம் கூடினால் குவியம் கீழே இறங்கும். நாற்பத்தைந்து அங்குலத்தில் இருந்தது இப்போது முப்பத்து நான்கு. பேணியைப் பதினொரு அங்குலம் இறக்க வேண்டும். ஒரு திருகாணியைத் தளர்த்திக் குழாயைக் கீழே விடுகிற வேலை, அவ்வளவுதான். சரிபார்த்தேன். மீண்டும் சரிபார்த்தேன். "பேணி 11 அங்குலம் கீழே" என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டு, தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் பெட்டியைப் போட்டுப் பார்த்தார்கள். படமே இல்லை. அரிசி கொட்டுவது போல ஒரே இரைச்சல். "கம்பி புதுசு, இறுகினாப் பிறகு சரிவரும்," என்றார் ஓவசியர். கம்பி இறுகுமாம், படம் வருமாம். ஒன்பது தலைகளும் ஆடின. நான் கைப்பையோடு அங்கேதான் இருந்தேன்.

கேட்டால் கொடுப்பேன் என்று இருந்தேன். ஓவசியர் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உம்முடைய கணக்கு என்ன சொல்லுது?" என்று ஒருமுறை கேட்டால் போதும். அவர் கேட்கவில்லை. நல்லது, நாளைக்கு வித்தியாதிகாரிக்கு முன்னால் கேட்பார் என்று நினைத்தேன். அந்தக் காட்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டு சைக்கிள் மிதித்ததும் உண்மை.

சனிக்கிழமை

வாழை கட்டவில்லை என்பதுதான் குறை. வாசலில் நிறைகுடம், மேசையில் பூச்சாடி, வித்தியாதிகாரிக்கு மெத்தை வைத்த கதிரை. லைற் எஞ்சின் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. பாக்கியமக்காவுக்கு முன் வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் அவர் கதிரையில் இருந்தது அன்றுதான் முதல் தடவை. நீலச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து முடிந்து, கலியாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

தலைவர் உரை என்று ஓவசியர் தொடங்கினார். நேரம் வந்ததும் பெட்டியைப் போட்டார்கள். அரிசி கொட்டியது.

ஓவசியர் வெளியே ஓடிப்போய், "இடப்பக்கம் கொஞ்சம்," என்றார். மணியம் அசைத்தார். உள்ளே வந்து பார்த்தார். மீண்டும் ஓடினார். "வலப்பக்கம்." தபாலதிபர் ரீவியின் மண்டையில் தட்டினார். கிளாக்கர் வித்தியாதிகாரிக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நான் என் கதிரையில் நிமிர்ந்து இருந்து, யார் என்னிடம் முதலில் வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரைச்சலுக்குள் இருந்து விட்டு விட்டுத் தவில் கேட்டது. தூரத்துக் கோயிலில் அடிப்பது மாதிரி இரண்டு அடி, பிறகு இரைச்சல், பிறகு மூன்று அடி. பாக்கியமக்காவின் விரல் முழங்காலில் அசைந்தது.

"உது அவன்தான்," என்றார், ஒருவரையும் பாராமல்.

பிறகு எழுந்து ரீவிக்குக் கிட்டப் போனார். சேலைத் தலைப்பை எடுத்து, அதன் கண்ணாடியைத் துடைத்தார். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக. இடப்பக்கத்தை இரண்டுதரம் துடைத்தார்.

அப்போதுதான் எழும்பினேன். கைப்பையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு வெளியே போய், "மணியம், பேணியைப் பதினொரு அங்குலம் இறக்குங்கோ," என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏணியை எடுத்தார். திருகாணி துருவேறிக் கறள் பிடித்து இறுகிப் போயிருந்தது. சாவி வழுக்கியது. எண்ணெய் போத்தல் தேடினோம். நான் அடிமட்டத்தைப் பிடிக்க, அவர் குழாயை இறக்கினார்.

உள்ளே பெரிய ஆரவாரம் கேட்டது. ஓடிப்போனேன். படம் வந்திருந்தது. ஒரு புள்ளி இல்லாத சுத்தமான படம். ஒரு பெண் இருந்து ஹிந்தியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோட்டில் எத்தனை கல் என்று எண்ணலாம்.

சபை கை தட்டியது. செய்தி வாசிக்கிறவளுக்கு அல்ல, எனக்கு! ஓவசியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நான் ஆழமாக்கினது சரி, நீர் இறக்கினதும் சரி," என்றார். வித்தியாதிகாரி எழுந்து, பெண் கல்வியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். இவ்வளவு காலம் காத்திருந்த மரியாதை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்தது. பாக்கியமக்கா முன் வரிசைக் கதிரையில் அந்த ஹிந்திப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் அந்த நிமிடம் மறந்துபோனேன்.

கிளாக்கர் என் கையில் இருந்த தாளை வாங்கினார். கூட்டக் குறிப்பில் இணைக்க வேண்டுமாம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கணக்கை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அவருக்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. ஆனால் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

"திகதி போடேல்லை ரீச்சர். இண்டைக்கு எண்டு போடட்டோ?"

ஓம் என்றிருக்கலாம். ஆனால் ஒன்பது பேரும் விருந்தினரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் கம்பி இறுகுவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்று அவர்கள் அறிய வேண்டாமா? தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னேன்.

"இல்லை, வியாழக்கிழமை எண்டு போடுங்கோ. வியாழக்கிழமையே செய்திட்டன்."

பாக்கியமக்கா கதிரையில் திரும்பினார்.

"வியாழக்கிழமையோ ரீச்சர்?" என்று கேட்டார்.